புட்குழியும் மயேந்திரமும்



புள்ளுக்குக் குழி அமைந்தமையால் இவ்வூர் புட்குழி ஆயிற்று. இராவணனோடு பொருது சிறகிழந்த சடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்பது தலபுராணம். இவ்வுரிமை கொண்டாடும் தலங்கள் வேறும் உள. அவ்வழக்கு ஈண்டு வேண்டா. திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்ற விசயராகவப் பெருமாள் கோயிலின் திருக்குளம் இன்றும் சடாயு தீர்த்தம் என்றே வழங்குகிறது.

பறவை வீழ்ந்த இடத்தைப் போற்றும் ஊரில், பறப்பதற்குக் கால் ஊன்றிய இடத்தைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் தகும். சடாயுவின் தமையன் சம்பாதி இலங்கையின் இருப்பைச் சொன்ன பின்னரே வானரர்க்கு வழி புலப்படுகிறது. கிட்கிந்தா காண்டத்தின் இறுதியில் கம்பர் மயேந்திரப் படலத்தை வைத்தார். கடலைக் கடக்கும் ஆற்றல் தத்தமக்கு இல்லை என ஒவ்வொருவரும் ஒதுங்க, சாம்பவான் அனுமனுக்கு அவன் வலிமையை உணர்த்துகிறான். அனுமன் நின்ற இடத்திலிருந்தே தாவிவிடவில்லை. மயேந்திர மலையின் உச்சியை நாடுகிறான். அங்கிருந்து முதலில் அவன் கண்ணிற் பட்டது துறக்க நாடு. அதுதான் இலங்கையோ என ஐயுற்றுப் பின் தெளிந்து, மெய்யான இலங்கையைக் காண்கிறான். ஆற்றலின் சிகரமாகிய வீரனுக்கும் நோக்கும் இடமும் முந்தித் தேவைப்படுகின்றன.

பனிநாடுகளில் பாராகிளைடர் கொண்டு பறப்போர் செய்வதும் இதுவே. மாரிக்காலத்தில், பனியில் கால் புதையாதபடி அகன்ற சட்டங்களை அடியிற் கட்டிக்கொண்டு மலையேறுவர். சரிவு காற்றை எதிர்நோக்குகிறதா, ஓடி எழுவதற்கு மரமற்ற வெளி உண்டா, முகட்டின் பின்புறத்தில் காற்று சுழன்று கீழ்நோக்கி இழுக்குமா எனப் பார்த்து வருவர். பறக்கும் நாள் பிறிதொன்றாகவும் இருக்கலாம்.

இனி, கம்பர் மலையையும் மறந்தாரல்லர். அனுமன் அடியூன்றியபோது மலை நெரிகிறது, பாம்புகள் வெளிப்படுகின்றன, விலங்குகள் வெருவுகின்றன, ஆங்கு வாழ்ந்த விஞ்சையரும் அஞ்சி விண்ணிற்கு எழுகின்றனர். எழுபவனின் பெருமையோடு, அவனுக்கு இடந்தந்த மலையின் அல்லலையும் பாடியதே கவியின் நடுநிலை. உரையாளர் பலர் இதனை வெறும் உயர்வுநவிற்சி எனக் கடந்துவிடுகின்றனர். அது போதாது.

தும்பாவை எண்ணுக. புவிக்காந்த நடுக்கோட்டிற்கு அண்மையில் அமைந்தமையால் விக்கிரம் சாராபாய் குழுவினர் கேரளத்தின் அக்கடற்கரையைத் தேர்ந்தனர். மீனவர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மகதலேனா மரியாள் தேவாலயம் விஞ்ஞானிகளின் பணிமனை ஆயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அத்தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். பெயர்ந்து சென்ற மீனவரைப் பாட ஒரு படலம் இல்லை.

நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியை அனுமன் தாவிய மலை என்பர் அப்பகுதி மக்கள். ஒடிசாவிலும் அப்பெயர் மலை உண்டு. நெல்லை மலையடியில் இஸ்ரோ, ராக்கெட் எந்திரங்களைத் தாங்குமேடையிற் பிணித்து முழங்கவைத்துச் சோதிக்கிறது. எழும் தளமோ வேறிடம். சீஹரிக்கோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கைக்கு மேலே செல்லாதபடி வளைந்து செல்ல வேண்டும். அவ்வளைவிற் செலவாகும் எரிபொருள் சிறிய ராக்கெட்டுக்குப் பெருஞ்சுமை. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கிக் கடல்மேற் செல்லலாம். அங்கு ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அம்மண்ணில் வாழ்ந்தோரின் கதையை இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டியோர் அப்பகுதித் தமிழாசிரியரும் மாணவருமே.