இலக்கணமும் நம் பிள்ளைகளின் உள்ளமும்



"இவர்களுக்கு இலக்கணம் வராது" என்னும் சொல்லை நம் தெருப் பிள்ளைகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். உளவியல் அதனை ஏற்பதில்லை. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யும் உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பொருளுள்ள செய்யுளுக்குப் போதும் என்று செருமானிய அறிஞர் எபிங்காசு 1885இல் எழுதினார். பொருள் விளங்காமல் ஒப்பிக்கும் நன்னூல் நூற்பாவும் பிள்ளைக்கு வெற்றசைதானே!

ஆகவே நாம் கரும்பலகையில் முதலில் எழுதுவன: செஞ்சிக்கோட்டை, செஞ்சிச்சந்தை, செஞ்சிப்பேருந்து, எதிரே செஞ்சி மலை, செஞ்சி வட்டம். ஒற்று எங்கே மிகுந்தது என வினவினால், க, ச, ப வருமிடத்தில் என்று பிள்ளைகளே விடை பகர்கின்றனர். தகரத்துக்குச் 'செஞ்சித்தெரு' என்று தாமே தேடிச் சேர்க்கின்றனர். அது அவர்கள் வாயில் என்றும் இருந்ததே. வலிமிகுதல் என்னும் பெயரை மட்டுமே நாம் தருகிறோம். நூற்பா அதன் பின்னரே.

இளைஞர்களே, மாலை வகுப்பில் நீங்களும் இவ்வாறே தொடங்குங்கள், பிரம்பு வேண்டா.