வீட்டில் கட்டிய கணினி



சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்து சிறிது தொலைவு வந்தால் எங்கள் சிறுவாச்சூர். மதுர காளியம்மன் கோயிலால் பலரும் அறிந்த ஊர். திங்களும் வெள்ளியும் கோயில் நடை திறக்கும் நாள்கள். அன்று ஊரே விழாக்கோலம் கொள்ளும். ஏனைய நாள்களில் எங்கள் பேச்செல்லாம் சின்ன வெங்காயத்தின் விலையையும் மக்காச்சோளத்தின் விளைச்சலையும் பற்றியதே. இவ்வூரில், கல்லூரியில் பயிலும் என் பேரன், விளையாட்டுகளுக்கென ஒரு கணினியைத் தானே கட்டினான். அதில் நான் இழைத்த ஒரு பிழையையும், அது எனக்குக் கற்பித்த பாடத்தையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

விடுமுறைகளில் உழைத்து அவன் சேர்த்ததும், வெங்காயம் விற்ற வகையில் அவன் தந்தை தந்ததுமாக அறுபதாயிரம் ரூபாய் கையில் இருந்தது. “விளையாட்டுக்கா இவ்வளவு?” என்றுதான் நானும் முதலில் கேட்டேன். பிறகு என் பள்ளிப் பருவம் நினைவுக்கு வந்தது. ஒரு டயோடையும் கம்பிச் சுருளையும் இணைத்துச் சிறு வானொலி கட்டி, 1939-ஆம் ஆண்டில் தோன்றிய திருச்சி நிலையத்தின் குரல் காதில் விழுந்தபோது துள்ளிக் குதித்தவன் அல்லவா நான்? கட்டிப் பார்க்கும் ஆசைக்குக் காலம் ஏது? “பட்டியல் எழுதிக் கொண்டு வா, பார்க்கலாம்” என்றேன்.

பட்டியலின் முதல் வரியில் எந்த உறுப்பின் பெயரும் இல்லை. “எந்த விளையாட்டு? எந்தத் திரை?” என்ற இரு வினாக்களே இருந்தன. வியந்து போனேன். அவன் விளக்கினான்: “தாத்தா, சாதாரண முழு எச்.டி. திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கினால் இருபது இலட்சத்துக்கு மேல். நொடிக்கு அறுபது படம் என்றால், ஒவ்வொரு நொடியும் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். நான்கு-கே திரைக்கு இதைப் போல் நான்கு மடங்கு.” அவ்வளவு பெரிய திரை தனக்கு வேண்டா என்று அவன் முதலிலேயே முடிவு செய்துவிட்டான். தேவையை அளந்த பின்னரே கடைக்குப் போக வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இப்புள்ளிகளைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் பணி. ஆகவே பணத்தில் பெரும்பங்கு அதற்கே. ஆட்டத்தின் விதிகளையும் எதிரிகளின் அசைவுகளையும் கணக்கிட்டு அதற்கு வேலை கொடுப்பது பிராசசர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக இருத்தல் வேண்டும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைக் கிணற்றில் இறக்கிவிட்டு அரை அங்குலக் குழாயை மாட்டினால், வயலுக்கு எவ்வளவு நீர் பாயும்? அவன் தேர்ந்தவை 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசன் 5 7600 என்னும் பிராசசரும், அதே ஆண்டின் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டும் ஆகும்.

அடுத்தது பொருத்தம். அந்தப் பிராசசர் ஏ.எம்.5 என்னும் பொருத்துவாய் உள்ள மதர்போர்டில் மட்டுமே அமரும். அதற்குரிய ராம் டி.டி.ஆர்.5 வகையே. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் தொடுமுனைகள் 288 தாம்; ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. இவற்றையெல்லாம் முன்னரே ஒப்பிட்டுப் பாராதவர்கள் சென்னை ரிச்சி தெருவுக்கு இருமுறை பயணம் செய்ய நேரும்.

பட்டியலின் இறுதியில் எஸ்.எம்.பி.எஸ். இருந்தது, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற தாழ்ந்த நேர்மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி அது. 550 வாட் திறனுடைய, நல்ல தரத்தது ஒன்றை எழுதியிருந்தான். நான் கணக்கிட்டேன்: கார்டுக்கு 115 வாட், பிராசசருக்கு 65 வாட், ஏனையவற்றுக்கு எழுபது, மொத்தம் 250. “வெறும் இரும்புப் பெட்டிக்கு ஏன் இத்தனை பணம்?” என்று சொல்லி, பழைய பழக்கப்படி சிவப்பு மையால் அவ்வரியை அடித்தேன். இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகும் வேறொரு பெட்டியை எழுதினேன். யானை வாங்கத் துணிந்தவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தது போலாயிற்று. பேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கேட்கவில்லை.

சித்திரை மாதத்து மாலை ஒன்றில், மின்னழுத்தம் ஏறியிறங்கிக் கொண்டிருந்தபோது, அறையில் கருகிய நாற்றம் எழுந்தது. அந்தப் பெட்டி தான் எரிந்ததோடு மதர்போர்டையும் கெடுத்துவிட்டது. இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பதினைந்தாயிரம் இழந்தோம். பேரன் என்னைக் குறை கூறவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

என் கூட்டல் சரியே, கருத்துத்தான் தவறு. பிராசசரின் மேல் எழுதிய 65 வாட் அதன் உச்சமன்று. கடும் வேலையில் அதற்கு மேலும் ஈர்க்கும். கார்டின் தேவையும் கணநேரத்தில் திடீரெனத் தாவும். பெட்டி தன் திறனில் பாதியளவில் உழைத்தால் சூடும் குறைவு, ஆயுளும் நீளும். மேலும், 2004-ஆம் ஆண்டில் தோன்றிய எண்பது பிளஸ் முத்திரை பெற்ற பெட்டி, உள்வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயனாக்கும். ஆனால் அம்முத்திரை சிக்கனத்துக்கே சான்று. மின்னழுத்தம் மிகுந்தால் தானே நின்றுவிடும் காப்பு உண்டா என்று தனியே பார்க்க வேண்டும். வீட்டில் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும், காற்று நன்கு புகுந்து வெளியேறும் கூடும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலையும் இன்றியமையாதவை. உத்தரவாதம் கோர ஜி.எஸ்.டி. இரசீது கையில் இருக்கட்டும்.

சில மாதங்கள் கழித்துப் பேரன் மீண்டும் ஒரு பட்டியலை என் முன் வைத்தான். பக்கத்தில் என் சிவப்புப் பேனாவையும் வைத்தான். நான் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. “இதை ஏன் தேர்ந்தாய்?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டேன். அவன் சொன்னான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திய நான், அடிப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

நண்பர்களே, கண்ணுக்குப் பளிச்சிடும் உறுப்புக்கு எவரும் பணம் தருவர். மூலையில் மறைந்து நின்று அனைத்தையும் தாங்கும் உறுப்பை மறவாதவனே நன்றாகக் கட்டுகிறான்.