ஊருக்குள்ளே ஓடும் சாலை ஊருக்கே!



நகரத்துக்குள்ளே ஓடுகிற நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது மாநில அரசா, உள்ளாட்சியா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், மாநில அரசுதான் என்று மூச்சு விடாமல் பேசிவிட்டுப் போனார்கள். நல்ல பேச்சு. ஆனா அம்மா, நீங்க சொன்ன அந்த ரோட்டிலே நான் தினமும் நடக்கிறேனே! (சிரிப்பு)

எங்க தெரு போய்ச் சேருவது ஒரு பெரிய சாலையிலே. மழை வந்தா அந்த முனையிலே முழங்கால் தண்ணி. ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பேரு வேணாம். "சார், அது எங்க ரோடு இல்லே, நெடுஞ்சாலை" அப்படின்னாங்க. சரின்னு இன்னொரு அலுவலகத்துக்குப் போனேன். "ரோடு எங்களுதுதான், ஆனா தண்ணி உங்க தெருவிலேர்ந்து வருது" அப்படின்னாங்க. நான் என்ன பண்ணுவேன்? தண்ணிகிட்டே போய், "ஏம்மா, நீ எந்தத் துறை?" அப்படின்னு கேக்கவா முடியும்? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, சட்டம் என்ன சொல்லுதுன்னு எதிரணி கேட்டாங்க. சொல்றேன். தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசுக்கு. மற்ற சாலைகள் மாநிலப் பட்டியலிலே. 1992-இல் அரசியல் சட்டத்துக்கு 74-ஆவது திருத்தம் வந்தது. 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கும் வந்தது. பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்து, நகராட்சிகளுக்குரிய 18 பணிகளை எழுதினார்கள். அதிலே நாலாவது பணி, சாலைகளும் பாலங்களும். அப்புறம் என்ன சிக்கல்? இந்தப் பொறுப்பை மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டுத் தரலாம் என்று இருக்கிறது. 'தர வேண்டும்' இல்லை, 'தரலாம்'! எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "தோட்டத்தைச் சின்னவனுக்குத் தரலாம்னு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சின்னவனுக்குப் பேரன் பிறந்தாச்சு. இன்னும் தோட்டம் வரலே. (சிரிப்பு) அந்த ஒரு 'லாம்'லேதான் முப்பது வருஷமா நம்ம ஊர் ரோடெல்லாம் தொங்கிக்கிட்டு இருக்கு.

சென்னையிலே ஒரே சாலைக்கு இரண்டு பதிவேடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு 1979-இல் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கே தெரியும். 2021 ஏப்ரலிலே திடீரென்று நெடுஞ்சாலைத் துறைப் பலகையிலே 'கிராண்ட் வெஸ்டர்ன் ட்ரங்க் ரோடு' என்று போட்டிருந்தது. பெரிய சர்ச்சை ஆயிற்று. அந்தச் சர்ச்சைக்குள்ளே நான் போகலே. ஆனால் துறையின் பதிவேட்டிலே அந்தப் பழைய பெயர்தான் இருக்கிறது என்று விளக்கம் வந்தது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். பேரிலேயே இவ்வளவு குழப்பம்னா, பள்ளத்திலே எவ்வளவு இருக்கும்?

இன்னொன்று சொல்றேன், கோபப்படாமல் கேளுங்க. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள்ளே மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலிலே தமிழ்நாட்டிலே மூவாயிரத்துக்கும் மேலே கடைகள் மூடப்பட்டன. தாய்மார்கள் நிம்மதியா மூச்சு விட்டாங்க. அந்த மூச்சு வெளியே வர்றதுக்குள்ளே, ஊருக்குள் ஓடுகிற நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்ற அதே மாதம் நடவடிக்கை தொடங்கியாச்சு! அது நெடுஞ்சாலையே இல்லேன்னு ஆகிட்டா, தூரக் கணக்கு ஏது? சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதமே குறுக்கிட்டு, அப்படி மாற்றிய சாலைகளிலே மூன்று மாதத்துக்குக் கடை திறக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது.

எதிரணி நண்பர்களே, பள்ளத்தை மூடணும், ரோட்டைக் கொடுங்கன்னு கேட்டபோது, நகராட்சிக்குத் தகுதி இல்லேன்னீங்க. பாட்டில் விக்கணும்னு வந்ததும் ஒரே ராத்திரியிலே தகுதி எங்கேயிருந்து வந்தது? (பலத்த கைதட்டல்)

நடைபாதை யாருடையது? விளக்கு? குப்பை? மழைநீர்க் கால்வாய்? சென்னையிலே பாதாளச் சாக்கடை 1978-இல் உருவான குடிநீர் வாரியத்துடையது. தெருவோர வியாபாரிக்கு 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி உள்ளாட்சி சான்று கொடுக்கிறது. நெடுஞ்சாலையிலே ஆக்கிரமிப்பு என்று சொல்லி, 2001-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டப்படி இன்னொரு அதிகாரி கடையை எடுக்கச் சொல்லலாம். பூ விக்கிற அம்மா யாரை நம்பிக் கூடையை இறக்குவாங்க? லாரி ஓடுகிற அந்த நடுப்பகுதிதான் நெடுஞ்சாலை. இரண்டு ஓரமும் ஊர். அந்த ஓரத்திலேயும் ஊர்க்காரன் சாகிறான், கடக்கும்போதும் சாகிறான்.

உள்ளாட்சியிலே பணம் ஏது என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. நீங்க வண்டி வாங்கினா வாகன வரி யாருக்கு? மாநிலத்துக்கு. பெட்ரோல் போட்டா? கொஞ்சம் மத்திய அரசுக்கு, கொஞ்சம் மாநிலத்துக்கு. வண்டி ஓடித் தேய்கிற ரோட்டுக்குச் சொந்தக்காரனான மாநகராட்சிக்கு? வீட்டு வரி! அதையாவது காலாகாலத்திலே உயர்த்த விட்டார்களா? சென்னையிலே 1998-க்கு அப்புறம் இருபது வருஷம் திருத்தவே இல்லை. 2018-இல் உயர்த்தினார்கள், 2019-இல் நிறுத்தி வைத்தார்கள், மறுபடி 2022-இல்தான் உயர்த்தினார்கள். மளிகை அலமாரிச் சாவி மாமியார் இடுப்பிலே. ஆனா சாம்பார்லே பருப்பு இல்லேன்னு திட்டு மட்டும் மருமகளுக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு நண்பர், கவுன்சிலரைத் தேடினாலும் கிடைக்கிறதில்லேன்னார். எப்படிக் கிடைப்பார்? 1688-இல் தொடங்கிய பழம்பெரும் மாநகராட்சி நம்ம சென்னை மாநகராட்சி. அதிலே 1973-லிருந்து 1996 வரைக்கும் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. அப்புறம் 2016 அக்டோபரிலே பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போ? 2022 பிப்ரவரி. இடையிலே 2017-லே வகை மாற்றம் வந்தபோது, ரோடு வேணுமா வேண்டாமான்னு கேக்க மன்றம் இல்லை, தனி அலுவலர்தான் இருந்தார். தேர்தலே நடத்தாமல் விட்டுவிட்டு, உள்ளாட்சி தூங்குதுன்னு சொன்னா என்ன நியாயம்? மன்றம் இருந்தா, கவுன்சிலர் காலையிலே பால் வாங்க வரும்போது நான் மடக்கிடுவேன். கோட்டப் பொறியாளரை நான் எங்கே மடக்கறது? அவர் பேரே எனக்குத் தெரியாதே!

எல்லாத்தையும் நகராட்சிக்கே கொடுங்கன்னு நான் சொல்லலே. கத்திப்பாரா மேம்பாலத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கட்டி, 2008-இலே திறந்தது. அதை ஒரு மாநகராட்சி கட்டியிருக்குமா? கஷ்டம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்கு வழி போடுவதும் பெரிய கைகளின் வேலைதான். ஊரைத் தாண்டிப் போகிறவனுக்கான சாலையை அவங்க வெச்சுக்கட்டும். ஊருக்குள்ளே இறங்கி நடக்கிறவனுக்கான சாலையை ஊருக்குக் கொடுக்கட்டும்.

கொடுக்கிற முறையையும் சொல்லிடறேன். ஒரு ஊருக்குப் புறவழிச்சாலை போட்டாச்சுன்னா, ஊருக்குள்ளே ஓடுகிற பழைய தேசிய நெடுஞ்சாலையை ஒரே ஒரு தடவை செப்பனிட்டு மாநிலத்தின் கையிலே ஒப்படைப்பது மத்திய அரசின் வழக்கம். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீர் வைக்கிற மாதிரி. சரி, கல்யாணச் சீர் வந்தது. தலை தீபாவளி? பொங்கல் வரிசை? வளைகாப்பு? ஒண்ணும் வராது. மூணாவது மழைக்காலத்திலே அந்தச் சீர் கரைஞ்சு போயிருக்கும். அதே முறையிலே நகராட்சிக்கும் ரோட்டைத் தள்ளிவிட்டா நான் ஒத்துக்க மாட்டேன். ரோட்டோட சேர்த்து, வாகன வரியிலே வருஷா வருஷம் ஒரு பங்கு என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுக்கணும். அதிலே 'தரலாம்' என்று போடக் கூடாது.

மணி அடிச்சிட்டாங்க. நடுவர் அவர்கள் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்வார்கள் என்று நம்பி அமர்கிறேன். (கைதட்டல்)