மலையடியில் ஒரு நூலடுக்கு
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இயற்கை நூல் தொகுப்பு ஒன்றைத் தொடங்குவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கவியரங்கமும் பட்டிமண்டபமும் முழங்கிவந்த இம்மேடைக்கு இது சற்றே அயலான பொருள். “கவிஞனுக்கு இயற்கை நூல் எதற்கு? கண் இருக்கிறது, கண்ணெதிரே கல்வராயன் மலை இருக்கிறது, இவை போதாவா?” என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். முறையான வினாதான். அதற்கு விடை கூறிய பின்னரே எந்த நூலை வாங்குவது, எப்படிக் காப்பது என்னும் செய்திகளுக்குச் செல்ல வேண்டும்.

நாம் வாழும் நிலம் சங்கப் பாடல்களுக்கு அயலானதன்று. நமக்கு அணித்தே உள்ள திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே, கபிலர் உயிர் துறந்த இடமென்று வழிவழியாகச் சொல்லப்படும் கபிலர் குன்று நிற்கிறது. வடக்கே, மலைக்கு அப்பால், மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா, இன்றைய செங்கம், உள்ளது. மலையில் எழும் ஒலிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கேட்ட புலவரின் பாட்டு அது. ஆக, நமக்கு இருபுறமும் இயற்கையைப் பெயர்சொல்லிப் பாடியவர்களின் நினைவே சூழ்ந்திருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை ஒருசேர அடுக்கியிருப்பதை யாவரும் அறிவோம். பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டில் பதிப்பித்த டாக்டர் உ.வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பூக்களின் பெயர்களுட் சில விடுபட்டிருக்கக் கண்டார். சில பூக்கள் போனால் போகட்டும், பாட்டின் கருத்து விளங்குகிறதே என்று அவர் அமைந்துவிடவில்லை. தேடி அலைந்து, தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். ‘உதிர்ந்த மலர்கள்’ என்று இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் ஒரு கட்டுரையாகவும் எழுதினார்.

இவ்விடத்தில் நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. ஐயர் அவர்கள் மீட்டுத் தந்தது சொல்லை. அச்சொல்லுக்குரிய பூ எந்த மரத்தில், எந்தப் பருவத்தில், என்ன நிறத்தில் பூக்கிறது என்பதை மீட்பது யார்? ஏட்டில் மீண்ட பூ காட்டில் எது? இந்த வினா எழும் இடத்தில்தான் இலக்கிய நூலுக்குப் பக்கத்தில் இயற்கை நூலுக்கும் ஓர் இருக்கை வேண்டியிருக்கிறது.

நம் காலக் கவிதைகளைப் பாருங்கள். ‘ஏதோ ஒரு பறவை’ பறக்கிறது. ‘பெயர் தெரியாத பூ’ மலர்கிறது. சிற்சில இடங்களில் அது கவிதைக்கு அழகாகவும் அமையும். ஆயின், எல்லாக் கவிதையிலும் பறவைக்குப் பெயரில்லை என்றால், அதனை உத்தி என்று கொள்வதற்கில்லை. வறுமை என்றே கொள்ள வேண்டும். பள்ளியில் நாம் காந்தள் என்னும் சொல்லைப் பொருளின்றிக் கற்றோம். வேலியோரத்தில் கண்வலிக்கிழங்குக் கொடியைப் புலவர் பாடிய பெயரின்றிக் கண்டோம். இரண்டும் ஒன்றே என்று நமக்குச் சொல்லுவார் இல்லை. அதே கொடிக்குக் கலப்பைக்கிழங்கு என்றும் கார்த்திகைப்பூ என்றும் பெயர்கள் உண்டு. சொல் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடப்பதை இணைப்பதே நல்லதோர் இயற்கை நூலின் வேலை.

இந்த வேலையைச் செய்தோர் யார் யார் என்று நோக்கினால், தமிழுக்கும் தாவர நூலுக்கும் உள்ள உறவு புலப்படும். தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் ராட்லர் செடிகொடிகளைத் தேடித் திரட்டியவர்; 1834 முதல் 1841 வரை வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்தவரும் அவரே. செடியைத் திரட்டிய கையே சொல்லையும் திரட்டியது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், 2,000-க்கு மேற்பட்ட தாவர ஓவியங்கள் கொண்ட பெருநூலை 1853-ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார். அவருக்காகப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய இருவரும் இந்நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்திற்கே வைட் சூட்டினார். மருத்துவரான ஜெர்டன் 1862-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில், பல பறவைகளுக்கு நம் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். நாம் மறந்த பெயர்கள் சில அயலார் நூலில் உயிரோடிருக்கின்றன!

நம் மலைக்கே உரிய நூலும் உண்டு. காம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. அதன் பின், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய அருட்தந்தை கே.எம். மேத்யூ, சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றோடு நம் கல்வராயனையும் தம் ஆய்வெல்லைக்குள் கொண்டு, தமிழகக் கருநாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றி 1980-களில் பல பகுதிகளாக நூல் வெளியிட்டார். மலையடியில் வாழும் நம்முள் எத்தனை பேர் அந்நூலைக் கையால் தொட்டிருக்கிறோம்?

தமிழில் எழுதியோரையும் நினைவுகூர வேண்டும். ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே பி.எல். சாமி சங்க இலக்கியத்துச் செடிகொடிகள், விலங்குகள், புள்ளினங்கள் பற்றித் தனித்தனி விளக்க நூல்கள் எழுதினார். கு. சீநிவாசன் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ என்னும் நூலைத் தந்தார். கவிஞர் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் உயிரினங்கள் பற்றிய கட்டுரைகள் நிறைந்துள்ளன. புதின ஆசிரியரும் தமிழ்ப் பேராசிரியருமான க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தார். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியதோடு தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என நூலாக்கியவர் சு. தியடோர் பாஸ்கரன். கவிஞர், பேராசிரியர், அதிகாரி, எழுத்தாளர் என இவர்களுட் பலர் விலங்கியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர்கள் அல்லர் என்பது கருதத்தக்கது. எனவே, இது நமக்கு இயலாத துறை என்று கைகட்டி நிற்க நியாயமில்லை.

இனித் தொடங்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, நம் நிலத்துக்குரிய நூலே முதலில் வரட்டும். ஆப்பிரிக்கச் சிங்கத்தின் வண்ணப் படங்கள் கண்ணைக் கவரும். ஆனால் கோமுகி அணைக் கரையில் இறங்கும் கொக்கினத்தைக் காட்டும் கையேடே நமக்கு முதல் தேவை. சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ 1941-ஆம் ஆண்டில் முதற்பதிப்புக் கண்டு, பல தலைமுறைகளுக்குப் பறவைகளை அறிமுகம் செய்த நூல். தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய பறவைகள் அறிமுகக் கையேட்டைக் க்ரியா வெளியிட்டது. இவை இரண்டிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு துறைக்கும் மூவகை நூல் வேண்டும். கண்டதை இன்னதென்று அறியக் கையேடு ஒன்று. இலக்கியப் பெயரோடு இணைத்துப் பார்க்க விளக்க நூல் ஒன்று. படித்து இன்புற நல்ல உரைநடை ஒன்று. மூலிகைக்கு க.ச. முருகேச முதலியாரின் குணபாடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அறிஞர்கள் மாறுபடும் இடத்தில் இரு தரப்பும் அடுக்கில் இருக்க வேண்டும். அன்றில் என்பது அரிவாள்மூக்கன் என்று கருதுவோர் உண்டு, ஒப்பாதோரும் உண்டு. தீர்ப்பை அடுக்கு வழங்க வேண்டாம். வழக்கை முழுமையாகக் காட்டினால் போதும்.

மூன்றாவது, பழம்பதிப்புக்காகப் பெரும்பொருள் செலவிட வேண்டா. ஜெர்டனும் வைட்டும் இன்று பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்னும் இணைய நூலகத்தில் விலையின்றிக் கிடைக்கின்றனர். பழைய தமிழ் நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் தருகிறது. வேண்டிய பக்கங்களை அச்செடுத்துக் கட்டிவைத்தால் அதுவும் நூலே.

நான்காவது, எளிதில் அழியக்கூடியவற்றை முந்திக் காக்க வேண்டும். வனத்துறைத் துண்டறிக்கை, கல்லூரி மாணவரின் ஆய்வேடு, நாளிதழ்ச் செய்தி நறுக்கு ஆகியவை மறுபதிப்புக் காண்பதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகத் திரட்டியவற்றுள் நூல்களோடு இத்தகைய சில்லறைத் தாள்களும் இருந்தன. 1992-இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்திரட்டு சென்னையில் 1994-இல் ஆய்வு நூலகமாக மலர்ந்தது. ஒருவருக்கு இயன்றது ஒரு வட்டத்துக்கு இயலாதா?

ஐந்தாவது, காப்பு. நூலடுக்குக்கே ஓர் இயற்கை வரலாறு உண்டு. கரையானும் இராமபாணப் பூச்சியும் அதன் முதல் வாசகர்கள்! அலமாரி சுவரை ஒட்டாமல் நிற்கட்டும்; கீழ்த்தட்டு தரையைத் தொடாமல் இருக்கட்டும். நம் முன்னோர் ஏட்டுக்கட்டில் இட்டுவைத்த வசம்பும் வேப்பிலையும் இன்றும் உதவும். யாவற்றினும் மேலான காப்பு, அடிக்கடி எடுத்துப் படிப்பதே. சீர்காழி தந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நூலின் பயன்பாட்டையே முதலில் வைத்தார். பூட்டிய அலமாரியைத் தொகுப்பு என்று சொல்லலாகாது.

அன்பர்களே, இதுவரை கூறியவை கடையிலும் இணையத்திலும் கிடைப்பவை. கிடைக்காத ஒரு நூலைப் பற்றிக் கூறாமல் இவ்வுரையை முடித்தல் தகாது. கல்வராயன் மலை 1976-ஆம் ஆண்டில் அரசின் நேரடி ஆளுகைக்கு வரும்வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. அங்கு வாழும் மலையாளி மக்கள் பேசுவது தமிழே. கடுக்காயும் தேனும் எடுக்கச் செல்லும் முதியவர்களுக்கு மரத்தின் பெயரும் தெரியும். அது பூக்கும் காலமும் அதில் வந்தமரும் பறவையும் தெரியும். அப்பெயர்களுட் பல எந்த அகராதியிலும் ஏறவில்லை. முதியவர் ஒருவர் மறையும்போது, படியெடுக்கப்படாத ஏட்டுக்கட்டு ஒன்று மறைகிறது. ஐயர் தேடிச் சென்ற ஏடுகளாவது மடத்தில் இருந்தன. இவை நினைவில் மட்டுமே இருக்கின்றன.

ஆதலால், நம் அடுக்கின் நடுவே வெற்றுத் தாள்கள் கொண்ட பெயரேடு ஒன்று இருக்கட்டும். செடி அல்லது பறவை, சொன்னவர் பெயர், ஊர், நாள், அவர் சொன்னபடியே உச்சரிப்பு ஆகிய ஐந்தும் அதில் பதியப்பட வேண்டும். இதில் ஓர் அறமும் உண்டு. சொன்னவர் இசைந்தாலன்றி அவர் பெயரை எழுதலாகாது. மருந்துச்செடி நிற்கும் இடத்தையும் மருந்து செய்யும் முறையையும் ஊரறிய வெளியிடலாகாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஆக்க வழிசெய்துள்ளது. அப்பணிக்கு நம் பெயரேடு துணையாகலாம். தொகுத்ததன் படி ஒன்று மலைக்கே திரும்பிச் செல்ல வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் தம் பாட்டனின் சொல்லை அச்செழுத்தில் காண வேண்டும்.

இவ்வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆண்டுக்கு ஆறு நூல்கள் வாங்குவதென்று இன்றே முடிவு செய்யுங்கள். பொன்னாடைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியே அதற்குப் போதும். மாதக் கூட்டத்தில் கவிதை வாசிக்குமுன், ஒரு மரத்தையோ பறவையையோ பற்றிப் பத்து மணித்துளி ஒருவர் நூல்கொண்டு பேசட்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் பெயரேட்டுடன் மலையேறுங்கள்; பாடுவதற்காகச் செல்ல வேண்டா, கேட்பதற்காகச் செல்லுங்கள்.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்துக்கு அலுவலகங்கள் எழுந்தன, சாலைகள் விரிந்தன. அதன் மலைக்கும் ஆறுகளுக்கும் உரிய சொற்களஞ்சியத்தை அரசாணை தந்துவிடாது. சொல்லில் பற்றுள்ளவர்களே தர வேண்டும். இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது, அதில் வரும் கவிதைகளில் பறவைகள் தத்தம் பெயரோடு பறக்கட்டும்.