கல்லில் கோடா, நீரில் கோடா?



மனித இயல்பைக் கெடுப்பன நான்கு கஷாயங்கள்: குரோதம், மானம், மாயை, லோபம். இவற்றின் அளவை நேமிசந்திர ஆசாரியர் கோம்மடசாரத்தில் உவமைகளால் விளக்குகிறார். குரோதம் கல்லிலும், மண்ணிலும், புழுதியிலும், நீரிலும் இட்ட கோடு போல நால்வகைப்படும். லோபமோ சாயம் போன்றது. மஞ்சள் நிறம் எளிதில் நீங்கும். கிருமிச்சாயம் எளிதில் நீங்காது.

சாயத்தின் தன்மையை வேலூர், ஆம்பூர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தோல் ஆலைக் கழிவால் பாலாறு மாசுற்றது. 1991-இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எனினும் அத்தொழிலால் உண்ணும் குடும்பங்கள் பல. பிறரைப் பழிப்பது எளிது. தன்னை ஆராய்வதே அரிது. கடையில் எடை குறைப்பதும், உடன்பிறந்தாரிடம் பங்கை மறைப்பதும் அதே லோபத்தின் சாயமே.

இல்லறத்தார்க்கு ஆசாரியர் காலக்கணக்கும் தருகிறார். ஒரு முகூர்த்தத்துக்குள் தணியும் குரோதம் சஞ்வலனம். ஆறு திங்களைக் கடந்தும் தணியாதது அனந்தானுபந்தி. அது நற்காட்சியையே மறைக்கும். பாகப்பிரிவினைக்குப்பின் பேசாதிருக்கும் அண்ணன் தம்பியர் திங்களை எண்ணிப் பார்ப்பாராக. எண்ணியபின், விழா முடியுமுன் ஒருவர் வாயிலுக்கு ஒருவர் சென்று பொறுத்தருள வேண்டுவாராக.

அறம் வளர்க!