முதலமடையின் தண்ணீர்க் கணக்கு
(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கேரளம் என்றாலே மழை என்று சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் நம் பந்துக்கள் நினைக்கிறார்கள். மாநிலத்தின் ஆண்டு சராசரி சுமார் 3000 மில்லிமீட்டர் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நெல்லியாம்பதி மலை மேகத்தைப் பிழிந்து எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சம்தான் முதலமடைக்கும் பெருமாட்டிக்கும். போதாக்குறைக்கு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி தொடங்கி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மாமரம் தாங்கிக்கொள்ளும், நெல் தாங்குமா?

இதில் ஒரு விசித்திரம். பரம்பிக்குளம் அணை முதலமடை பஞ்சாயத்து எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சேத்துமடையைச் சுற்றித்தான் போக வேண்டும். அணையை நடத்துவதும் தமிழ்நாடு. 1970 மே 29-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப்புழைக்குத் தர வேண்டும். அதாவது ஏறக்குறைய 20.5 கோடி கன மீட்டர். அதை மூலத்தறையில் தடுத்து, கால்வாய் வழியே கம்பாலத்தறை ஏரிக்கும், அங்கிருந்து மீன்கரை, சுள்ளியாறு அணைகளுக்கும் கொண்டுவருகிறார்கள். மீன்கரைதான் சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீரும் தருகிறது.

ஒப்பந்தத்தை முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஷரத்து உண்டு. 1988 வந்து போயிற்று, 2018-ம் வந்து போயிற்று. 2019 செப்டம்பரில் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழுக்கள் அமைத்தார்கள். நம்மில் பாதிப் பேருக்குப் பொள்ளாச்சியில் சம்பந்தி, கொல்லங்கோட்டில் பூர்வீக வீடு. எந்தப் பக்கம் பேசுவது! என் அபிப்பிராயம், அளவை விடத் தேதிதான் முக்கியம். இரண்டாம் போகம் கதிர் வாங்கும் வாரத்தில் வராத தண்ணீர், ஆண்டுக் கணக்கில் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

2022 செப்டம்பர் 21 விடியற்காலையில் பரம்பிக்குளத்தின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து, விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி சாலக்குடிப் பக்கம் பாய்ந்தது. அந்த வேகம் குறையாமல் நீடித்தால் நான்கே நாளில் ஏழு டி.எம்.சி. போய்விடும். ஏறக்குறைய சித்தூரின் ஓராண்டுப் பங்கு! ஒரே அணையை நம்பி இருப்பதன் அபாயம் இதுதான்.

நிலத்தடி நீரை நம்பலாமா? பக்கத்துப் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலையை எதிர்த்து மயிலம்மா முதலானோர் போராடியதும், 2004 மார்ச்சில் ஆலை நின்றதும் நீங்கள் அறிந்ததே. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் ஆழ்துளைக் கிணறு போடுவதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

சர்க்கார் செய்வதை சர்க்கார் செய்யட்டும். நம் கையில் இருப்பது கூரை. நூறு சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 1000 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் எண்பதாயிரம் நிற்கும். நான்கு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு நாற்பது லிட்டர் என்றால், மழையில்லாத இருநூறு நாளுக்கு எட்டாயிரம் லிட்டர்த் தொட்டி போதும். மீதியை மணல், கரி, ஜல்லி போட்ட வடிகட்டி வழியாகக் கிணற்றில் இறக்கலாம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். குளித்த தண்ணீரை வாழைக்கு விடுவது நம் பாட்டிமார் செய்ததுதான். இப்போதைய சோப்புத் தூள் தண்ணீரை மட்டும் தினமும் ஒரே மரத்துக்கு விடாதீர்கள். சோடியம் சேர்ந்து மண் இறுகிவிடும்.

நம் அக்ரஹாரங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! அவற்றின் கிணறுகளில் குப்பையைக் கொட்டி மூடுகிறார்கள். உரியவர்கள் வெளியூரில் இருந்தாலும், தெருக்காரர்கள் கூரை நீரை அதில் விட ஒரு கடிதம் மூலம் சம்மதம் தரலாம். படிவம் தயாராக இருக்கிறது. வடிகட்டியின் வரைபடமும் கொண்டுவந்திருக்கிறேன். காபிக்குப் பிறகு கேளுங்கள், தருகிறேன்.