தரைக்குக் கீழ 150 கிணறு: எழும்பூர் 'கிர்க்' கதை

போன மாசம் முடிச்சூர் பக்கம் நானும் அம்மாவும் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனோம். சேல்ஸ் தம்பி ஜிம், மாடுலர் கிச்சன், பால்கனி வியூ எல்லாம் காட்டினார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "தம்பி, இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு?" அவர் சிரிச்சுட்டு அடுத்த ரூமைக் காட்டப் போயிட்டார்.

200 வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கேள்வியை சீரியஸா எடுத்துக்கிட்ட ஒரு கட்டடத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

தாம்பரத்துல ட்ரெயின் ஏறி எழும்பூர்ல இறங்குங்க. பக்கத்துலயே மரங்களுக்கு மேல ஒரு வெள்ளைக் கோபுரம் தெரியும். செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச். ஸ்காட்லாந்துக்காரங்க கட்டின பிரெஸ்பிடீரியன் சபை. அவங்க பேச்சுல சர்ச்சுக்குப் பேர் 'கிர்க்'. அப்போ பிஷப் கிடையாது, மூப்பர்கள் கூடி நடத்தின சபை. நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் வேர் இங்கதான். இந்த சர்ச்சோட போதகர்கள் 1835-ல எழும்பூர்ல ஆரம்பிச்ச சின்னப் பள்ளிக்கூடம்தான் பின்னாடி கல்லூரியா வளர்ந்து, 1937-ல தாம்பரத்துக்கு வந்துச்சு.

உள்ள போனா நீளமான ஹால் இருக்காது. வட்டம்! 16 தூண், அதுக்கு மேல டோம். உள்பக்கம் நீல வானம், தங்க நட்சத்திரங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்து போட்டோ எடுப்பாங்க. நானும் எடுத்தேன். ஆனா நிஜமான இன்ஜினியரிங் காலுக்குக் கீழ இருக்கு.

1818-ல வேலை ஆரம்பிச்சப்போ இது சதுப்பான மண். 160 அடிக்கு மேல உயரம் போற கோபுரத்தை அதுல அப்படியே நிறுத்த முடியாது. கட்டினவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட், ராணுவ இன்ஜினியர். அவர் கையில எடுத்தது நம்ம ஊர் டெக்னிக்: கிணறு. சுட்ட மண் உறையைத் தரையில வச்சு, உள்ள மண்ணைத் தோண்டத் தோண்ட உறை கீழ இறங்கும். அது மேல அடுத்த உறை. கெட்டியான மண் வர்ற வரைக்கும் இதேதான். கீழடியில கிடைச்ச உறைகிணறு ஞாபகம் வருதா? அதே ஐடியாதான். அங்க தண்ணிக்கு, இங்க அஸ்திவாரத்துக்கு.

மொத்தம் 150 கிணறு. ஆழம் 14 அடியில இருந்து 50 அடி வரைக்கும். ஏன் ஒரே அளவு இல்ல? மண் ஒரே மாதிரி இல்லையே! பிளான்ல ஒரு நம்பரைப் போட்டுட்டு எல்லா இடத்துலயும் காப்பி பேஸ்ட் பண்ணல. மண்ணு எங்க நிறுத்தச் சொல்லுச்சோ அங்க நிறுத்தினாங்க. 1821-ல சர்ச் திறந்தாங்க. இன்னும் நிமிர்ந்து நிக்குது.

நாம? ஏரியை மேடாக்கி, கால்வாயை மூடி, மேல டைல்ஸ் ஒட்டுறோம். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் தெருவுல போட் ஓடுச்சு. தண்ணி புதுசா வழி கண்டுபிடிக்கல மக்களே, பழைய வழியிலதான் வந்துச்சு.

சதுப்புல கட்டவே கூடாதுன்னு நான் சொல்லல, கிர்க்கே சதுப்புலதான் நிக்குது. ஆனா முதல்ல மண்ணைக் கேட்டாங்க.

ஃபிளாட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கல. மண் பரிசோதனை ரிப்போர்ட்டும், அம்மாவோட கேள்விக்குப் பதிலும் வேணும்னு பில்டருக்கு மெயில் போட்டிருக்கேன். நீங்களும் வீடு பார்க்கிறீங்கன்னா, ஜிம்மைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டையும் கேளுங்க. பதில் வந்தா அடுத்த எபிசோட்ல சொல்றேன். வரட்டா!